டி டிரைவ் காணாமல் போனது: ஃபார்மட் செய்யலாமா?

கேள்வியின் சுருக்கம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செட்டியார் தெரு, கெய்சர் வீதிப் பக்கத்துச் சிறு கடைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பவர். அவருடைய டெஸ்க்டொப் கொம்பியூட்டர் வாங்கி ஆறு வருடமாகிறது. இரண்டரை மாதத்துக்கு முன், மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் எம்.2 எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாத, மதர்போர்ட்டில் நேரே செருகும் சிறிய சேமிப்புத் தகடு) ஒன்றைப் போட்டு விண்டோஸை அதற்கு மாற்றினார்கள். பவர் சப்ளையும் புதிதாகப் போட்டார்கள். பழைய 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை ‘டி’ டிரைவாக உள்ளேயே விட்டார்கள். கடைகளின் கணக்குகள், குடும்பப் படங்கள், காலமான தகப்பனாரின் குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை.

சில வாரங்களில் தொல்லை தொடங்கியது. ஃபைல் கொப்பி பண்ணும்போது எல்லாம் ஒரு நிமிடம் உறைந்து நிற்கும். காலையில் முதல் தடவை போடும்போது டி டிரைவ் இருக்காது. நிறுத்திப் போட்டால் வந்துவிடும். போன மாதம் வேலை நடுவே கரண்ட் போனது, அதோடு டிரைவ் வரவேயில்லை. அக்காவின் மகன் பெட்டியைத் திறந்து டேட்டா கேபிளை மதர்போர்ட்டில் வேறு துளைக்கு மாற்றிப் பார்த்தார். விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயோஸிலும் பெயர் இல்லை. மடிக்கணினி டிஸ்க்குக்கான யூஎஸ்பி கேபிளில் கொழுவினார், சுற்றவே இல்லை. “மோட்டர் செத்துப் போச்சு சித்தி” என்று சொல்லிவிட்டார். ஆனால் வேறொரு கடையில் கொழுவியபோது டிஸ்க் சுற்றியது, அளவும் காட்டியது. ஃபார்மட் செய்ய வேண்டும் என்று மட்டும் விண்டோஸ் கேட்டது. ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு சொஃப்ட்வெயரால் எல்லாவற்றையும் எடுத்துத் தருகிறேன் என்றாராம் அந்தக் கடைக்காரர். வாசகி வேண்டாமென்று டிஸ்க்கைத் திருப்பி வாங்கி வந்துவிட்டார்.

இப்போது ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா ஃப்ரீஸரில் வைத்து எடுக்கச் சொல்கிறார். பெறாமகனோ அதே மொடல் டிஸ்க் ஒன்று வாங்கி சர்க்கிட் போர்டை மாற்றலாம் என்கிறார். நவம்பர் 30க்குள் வாடிக்கையாளர்களின் வருமான வரி விவரத்திரட்டுகள் போக வேண்டும். எதைச் செய்வது, எஸ்.எஸ்.டி. போட்ட கடை தந்த ஒரு வருட வொரண்டியில் டிஸ்க்குக்கும் டேட்டாவுக்கும் நட்டஈடு கேட்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்பின் சகோதரிக்கு,

ஃபார்மட் வேண்டாமென்று டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தீர்களே, நடந்தவற்றில் நல்ல காரியம் அதுதான். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் கணிசமானவை பழுதால் கெட்டவை அல்ல, பழுதுக்குப் பிறகு செய்த வைத்தியத்தால் கெட்டவை. உங்களுடையது இன்னும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கரண்ட் போனதும் ஒரேயடியாக முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒரு மரணம் போலத் தோற்றம் தருகின்றன. பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பெறாமகனின் யூஎஸ்பி பரிசோதனை. டெஸ்க்டொப்பில் இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு இரண்டு மின்னழுத்தம் வேண்டும்: எலெக்ட்ரோனிக்ஸுக்கு 5 வோல்ட், தட்டைச் சுற்றும் மோட்டருக்கு 12 வோல்ட். யூஎஸ்பி துளை தருவது 5 வோல்ட் மட்டும். மடிக்கணினியின் இரண்டரை அங்குல டிஸ்க் அந்த 5 வோல்ட்டிலேயே சுற்றும் என்பதால் அதற்கான கேபிளில் தனி அடாப்டர் இருக்காது. அந்தக் கேபிளில் கொழுவினால் உலகத்தில் எந்த நல்ல மூன்றரை அங்குல டிஸ்க்கும் சுற்றாது. மோட்டர் சாகவில்லை. கடையில் சுற்றியதே அதற்குச் சாட்சி.

அடுத்தது, துளை மாற்றியதும் பயோஸில் பெயர் போன விஷயம். எம்.2 எஸ்.எஸ்.டி. போட்டதை நீங்கள் வேறு கதையாகச் சொல்லியிருக்கிறீர்கள்; அது இந்தக் கதைக்குள்தான் வருகிறது. பல மதர்போர்ட்களில் எம்.2 துளையும், ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிள் போகும் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2 துளையில் ஏதாவது ஏறினால் அந்தச் சாட்டா துளை தானாகவே அணைந்துவிடும். பெரும்பாலும் கடைசி எண்கள், 5 அல்லது 6. சில போர்ட்களில் எம்.2வில் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. போட்டால் மட்டும் இப்படி நடக்கும், சிலவற்றில் எந்த வகை போட்டாலும் நடக்கும். மதர்போர்ட்டின் கையேட்டில் இதற்கென்று ஒரு சிறிய அட்டவணை இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. பொடியன் நல்ல எண்ணத்தில் கேபிளை மாற்றியிருக்கிறான், மாற்றிய இடம் அணைந்த துளையாக இருந்திருக்க நிறையச் சாத்தியம் உண்டு. அவனை ஏசாதீர்கள்.

சரி, அப்படியானால் அதற்கு முன்பிருந்த தொல்லை என்ன? கொப்பி பண்ணும்போது உறைவது, காலையில் காணாமல் போய் இரண்டாம் தடவை வருவது, இரண்டுமே எனக்குக் கேபிளையும் பவர் இணைப்பையும்தான் காட்டுகின்றன. ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்கும் முதல் சில விநாடிகளில்தான் 12 வோல்ட் பக்கம் அதிக மின்னோட்டம் இழுக்கும். கிட்டத்தட்ட 2 அம்பியர் வரை போகும். இணைப்பு தளர்வாக இருந்தால் அந்தக் கணத்தில் வோல்ட் விழுந்து, டிஸ்க் எழும்பத் தவறும். விண்டோஸ் வந்த பிறகு பார்த்தால் டிரைவ் இல்லை. மறுபடி போடும்போது இணைப்பு சரியாகப் பட்டால் எழும்பிவிடும். டேட்டா கேபிள் பிழையாக இருந்தால் போகிற தகவல் வழியில் சிதையும், டிஸ்க்கும் போர்ட்டும் அதைக் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப அனுப்பும். நீங்கள் பார்த்த ஒரு நிமிட உறைவு அப்படியும் வரலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. பவர் சப்ளையின் நான்கு கம்பி வெள்ளைத் தலையிலிருந்து ஒரு சிறிய அடாப்டர் வழியாக டிஸ்க்குக்குப் பவர் போகிறது. அடாப்டரின் கறுப்புத் தலை ஒரே பிளாஸ்டிக்காக வார்த்தது. இந்த வகையை எங்கள் தொழிலில் யாரும் விரும்புவதில்லை. உள்ளே கம்பிகள் மிக நெருக்கமாக, பிளாஸ்டிக்குக்குள் அமுங்கி இருக்கின்றன. நாள்பட ஒன்றையொன்று தொட்டால் சூடேறி உருகும், தீப்பிடித்ததும் உண்டு. புதிய பவர் சப்ளையில் நேரடிச் சாட்டா தலை இருக்கும்போது இதை ஏன் போட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கேபிள் எட்டவில்லை போலும். அந்த அடாப்டரில் இனி ஒரு தடவையும் டிஸ்க்கைக் கொழுவ வேண்டாம்.

மூன்றாவது விஷயம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனதால் கோப்பு அமைப்பு, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் வைத்திருக்கும் பதிவு, அடிபட்டிருக்க வேண்டும். உங்களுக்குப் பேரேடு பழக்கம் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: பேரேட்டின் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன, முன்னால் இருந்த சுட்டி மட்டும் கிழிந்திருக்கிறது. விண்டோஸுக்குச் சுட்டி இல்லாமல் வாசிக்கத் தெரியாது, அதனால் புதுப் பேரேடு தொடங்கவா என்று கேட்கிறது. ஃபார்மட் செய்யவா என்ற கேள்வியின் பொருள் அவ்வளவுதான். அதைப் பழுது பார்க்கும் கேள்வி என்று நினைத்து ‘யெஸ்’ அழுத்தியவர்கள் பலர்.

ஃபார்மட், ஃப்ரீஸர், போர்ட் மாற்றுதல்

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை. விரைவு ஃபார்மட் செய்தால் டேட்டாவின் பெரும்பகுதி டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், சொஃப்ட்வெயர் கொண்டு தேடி எடுக்கவும் முடியும். ஆனால் புதிய சுட்டி பழைய சுட்டியின் மிச்சத்தின் மேலேயே எழுதப்படும். பிறகு கிடைக்கும் ஃபைல்களுக்குப் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் போகலாம். எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான எக்செல் ஃபைல்களில் எது எந்தக் கடையின் எந்த மாதம் என்று நீங்கள் தேட வேண்டி வரும். அவர் தவறுதலாக முழு ஃபார்மட் அழுத்தினால் கதை அதோடு முடிந்தது: விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை எழுதுவது. அதற்குப் பிறகு எந்த ஆய்வுகூடமும் எதையும் எடுக்க முடியாது. ஃபார்மட் செய்யாமலே எடுக்க வழி இருக்கும்போது இந்தப் பந்தயம் எதற்கு?

டிஸ்க் மேலாண்மைத் திரையில் ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் பதில் ‘வேண்டாம்’தான். ‘செக் டிஸ்க்’ கட்டளையும் இப்போதைக்கு வேண்டாம். அது இருக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்துவது, திருத்தம் பிழைத்தால் பின்வாங்க வழியில்லை. இதில் ஒரு பொறியும் இருக்கிறது. டிஸ்க்கைக் கொழுவிவிட்டு விண்டோஸைத் திறந்தால், சில வேளை யாரும் கேட்காமலே அது டி டிரைவைச் சோதித்துத் திருத்தத் தொடங்கும். அப்படி ஒரு வரி திரையில் வந்தால் உடனே ஏதாவது ஒரு விசையைத் தட்டித் தவிருங்கள்.

ஃப்ரீஸர் வைத்தியம் பழைய காலத்துக் கதை. வாசிக்கும் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கொழும்பின் ஈரப்பதத்தில் குளிரூட்டிய டிஸ்க்கை வெளியே எடுத்தால் அதன் மேலும் உள்ளும் நீர் படியும், அந்த நிலையில் சுற்றவிட்டால் தலை தட்டில் உரசும். ரொறன்ரோ அண்ணாவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கிட் போர்ட் மாற்றுவது இருபது வருடத்துக்கு முந்தைய டிஸ்க்குகளில் சில வேளை பலித்தது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்த ஒரு டிஸ்க்குக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய தகவல்கள் போர்ட்டில் உள்ள சிறிய சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பைப் பழைய போர்ட்டிலிருந்து கழற்றிப் புதியதில் ஒட்டாமல் போர்ட்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அதைவிட, உங்கள் டிஸ்க் கடையில் சுற்றி, தன் அளவையும் சொன்னது. போர்ட் பழுதாயிருந்தால் இரண்டும் நடந்திராது. இல்லாத நோய்க்கு அறுவைச் சிகிச்சை எதற்கு?

வீட்டில் செய்யக்கூடியது: பயோஸ் வரை

உங்கள் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். பயோஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பது வரை நீங்களும் பெறாமகனும் செய்யலாம். பயோஸ் டிஸ்க்கில் எதையும் எழுதாது. அதற்கு அப்பால், டிஸ்க்குக்கு முழுப் பிரதி ஒன்று எடுக்கும் வரை யாரும் போக வேண்டாம். நீங்களும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம்.

தொடங்க முன் காது கொடுங்கள். டிஸ்க் சுற்றும்போது ஒரே சீராக மெல்லிய இரைச்சல் வந்தால் சரி. டிக், டிக் என்று தாளம் தவறாமல் தட்டினாலோ, உரசும் சத்தம் கேட்டாலோ, சுற்றாமல் பீப் அடித்தாலோ உடனே கரண்டை நிறுத்துங்கள். அது கேபிள் விஷயம் இல்லை, வாசிக்கும் தலையோ மோட்டரோ. அந்த நிலையில் ஒவ்வொரு தடவை போடுவதும் இருப்பதைக் குறைக்கும். நேரே டேட்டா மீட்கும் ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படிச் சத்தம் எதுவும் இல்லை என்று இருக்கிறது, அதனால்தான் மேலே எழுதுகிறேன்.

கொம்பியூட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். எதைக் கழற்றும் முன்னும் கைப்பேசியில் படம் எடுங்கள், அந்த அடாப்டரைப் பல பக்கமாக எடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பவர் முதலில். பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் தட்டையான 15 பின் சாட்டா தலையைக் கொழுவுங்கள். எட்டாவிட்டால் டிஸ்க்கை அதன் கூட்டிலிருந்து இறக்கி, உலர்ந்த மட்டை ஒன்றின் மேல் சர்க்கிட் போர்ட் எதிலும் படாமல் வைத்து எட்டவையுங்கள். சுற்றும்போது மட்டும் அசைக்கக் கூடாது. வீட்டில் பழைய பவர் சப்ளையின் கேபிள் ஏதாவது கிடந்தால், அதை எடுத்துப் புதியதில் செருக வேண்டாம். கழற்றிப் பூட்டும் வகைக் கேபிள்களில் பவர் சப்ளைப் பக்கத்துப் பின் ஒழுங்கு கொம்பனிக்குக் கொம்பனி மாறும். தலை பொருந்திவிடும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், டிஸ்க் அந்த நொடியே எரியும். கேபிள் பொருந்துகிறது என்பதே போதுமென்று நினைத்து நல்ல டிஸ்க்குகளைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு டேட்டா கேபிள். புதிதாக ஒன்று வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பெரிய விலை இல்லை. தலையில் சிறிய உலோகக் கவ்வி உள்ளதாகக் கேளுங்கள், அது அதிர்வில் கழராது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமானது வேண்டாம், அரை மீட்டரே தாராளம். சாட்டா தலைகள் அடிக்கடி கழற்றிப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. பெட்டிக்குள் போகும் சாதாரணக் கேபிளுக்குத் தர அளவே சுமார் 50 தடவைதான். டிஸ்க்கின் தொடுமுனைகள் மங்கலாகவோ பச்சை படிந்தோ இருந்தால் ஐசோப்புரோப்பைல் மதுவில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். துறைமுகக் காற்று அடிக்கும் வீட்டில் இதை எதிர்பார்க்கலாம்.

கேபிளின் மறு முனையை, பொடியன் மாற்ற முன் இருந்த துளையில் செருகுங்கள். எது என்று மறந்திருந்தால் போர்ட்டில் மிகச் சிறிய எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும். 0 அல்லது 1 என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், எண் 1இலிருந்து தொடங்கினால் 1 அல்லது 2. இப்போது கரண்டைப் போட்டு, உடனேயே டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டித் தட்டி பயோஸுக்குள் போங்கள். சாட்டா பட்டியலில் டிஸ்க்கின் மொடல் பெயர் சரியாக வருகிறதா, அளவு 2 டெராபைட் அல்லது அதற்குக் கிட்ட இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயரில் குப்பை எழுத்துகள் வந்தாலும், அளவு சம்பந்தமில்லாமல் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரியென்றால் ஒரு படம் எடுத்து, பவர் பட்டனை அழுத்தி நிறுத்தி, டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றிவிடுங்கள். விண்டோஸுக்குள் போக வேண்டாம்.

பயோஸுக்குள் இருக்கும்போது வேறெதையும் தொடாதீர்கள். குறிப்பாகச் சாட்டா மோட் என்று ஒன்று இருக்கும், ஏ.எச்.சி.ஐ. அல்லது ரெய்ட். அதை மாற்றிப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். மாற்றினால் எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுபோகக்கூடும், உங்களுக்கு இன்னொரு தலைவலி.

கொம்பியூட்டரின் திகதி அடிக்கடி பின்னுக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பற்றரி முடிந்திருக்கும். இந்தத் தொல்லைக்கு அது காரணம் இல்லை, ஆனாலும் மாற்றுங்கள். பிழையான திகதியோடு கணக்கு ஃபைல்களைச் சேமிப்பது உங்கள் தொழிலுக்கு நல்லதில்லை. பற்றரியைக் கழற்றினால் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகலாம் என்பதால், முதலில் சாட்டா மோட் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எடுத்த பிறகே பழுது பார்ப்பது

பயோஸில் டிஸ்க் ஒழுங்காகத் தெரிந்தால் நல்ல சகுனம். அடுத்து அதை வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம். அவரிடம் என்ன கேட்பது என்பதுதான் முக்கியம். “ரிக்கவரி செய்வீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “முதலில் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, பிரதியில்தானே வேலை செய்வீர்கள்?” என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

அவர் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவு. அதைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசச் செயலி காட்டும். நான் பந்தயம் கட்டுவதானால் சி7 என்ற வரியில் கட்டுவேன். அது கேபிள் வழியில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. அது கூடுதலாகவும், தட்டில் கெட்ட இடங்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகள் பூச்சியமாகவும் இருந்தால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் குற்றவாளி. சி7 எண் ஒரு தடவை ஏறினால் இறங்காது. புதிய கேபிளுக்குப் பிறகு மேலும் ஏறாமல் நின்றாலே போதும். மாறாக சி5, சி6 வரிகளில் எண்கள் இருந்தால் தட்டில் வாசிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன, என் கணிப்பு பிழை என்று அர்த்தம். அப்போது பிரதி எடுப்பது மேலும் அவசரம், முறையும் மாறும்: லினக்ஸில் டிடி ரெஸ்கியூ என்ற செயலி கொண்டு, நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவார்கள். இதைப் பெறாமகன் யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க்கை உங்கள் டேட்டாவின் மேல் எழுதிவிடும்.

பிரதி வந்துவிட்டால் பயமில்லை. விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு அமைப்பு தன் தொடக்கப் பகுதிக்கு ஒரு மறுபிரதியைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும். அடிபட்டது அது மட்டுமென்றால் டெஸ்ட் டிஸ்க் என்ற இலவசச் செயலியால் மீட்டெடுக்கலாம். பெயர்களும் ஃபோல்டர்களும் பழையபடி வரும். அதிலும் பிழைத்தால் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு மறுபடி முயலலாம்.

கொடுக்க முன் ஒன்று. உங்கள் டிஸ்க்கில் மற்றவர்களின் கணக்குகள் இருக்கின்றன, ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல்களும் அடையாள அட்டை இலக்கங்களும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் இதை அலட்சியமாக விட முடியாது. டிஸ்க்கின் தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் அவர்களிடமுள்ள பிரதியை அழிப்பதாகவும், விலையை முதலில் சொல்லி உங்கள் சம்மதத்தோடுதான் தொடங்குவதாகவும் எழுதி வாங்குங்கள்.

நவம்பர் 30ஐ நினைத்து அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். இணையாக இன்னொரு வேலை செய்யலாம். கடைக்காரர்களுக்கு நீங்கள் மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்பிய கூற்றுகள் அனுப்பிய பெட்டியில் அப்படியே இருக்கும். வங்கிக் கூற்றுகளை வங்கியிடம் திரும்பக் கேட்கலாம். இவற்றைக் கொண்டு அவசரமான ஒன்றிரண்டு பேரின் விவரத்திரட்டைத் தொடங்கிவிட்டால், டிஸ்க்குக்கு ஆறுதலாக வைத்தியம் பார்க்கலாம். தகப்பனாரின் குரலுக்கு அப்படி வேறு மூலம் இல்லை. அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கையும்.

கடையிடம் எதைக் கேட்கலாம்

அந்தக் கடை தந்த ஒரு வருட வொரண்டி அவர்கள் விற்ற எஸ்.எஸ்.டி.க்கும் பவர் சப்ளைக்கும் உரியது. ஆறு வருடப் பழைய ஹார்ட் டிஸ்க் அதில் வராது. அதன் தயாரிப்பாளரின் வொரண்டியும் முடிந்திருக்கும். டெஸ்க்டொப் டிஸ்க்குகளுக்குப் பொதுவாக இரண்டு, மூன்று வருடம்தான் கொடுப்பார்கள். டேட்டாவைப் பொறுத்தவரை, வொரண்டி இருந்த காலத்திலும் அது டிஸ்க்கை மாற்றித் தருவதற்கே ஒழிய உள்ளே இருந்ததற்கு அல்ல. இது பலருக்கும் கசப்பான செய்தி. டேட்டாவுக்கு நட்டஈடு என்று தொடங்கினால் உங்களிடமே வேறு பிரதி ஏன் இல்லை என்ற கேள்வி திரும்பி வரும்.

ஆனால் அவர்கள் செய்த வேலையின் தரம் வேறு விஷயம். நேரடித் தலை இருக்க ஆபத்தான அடாப்டரைப் போட்டதும், எம்.2 போடும்போது எந்தத் துளை அணையும் என்று சொல்லாததும் நியாயமான குறைகள். முதலில் கடைக்கே படங்களோடு போய் அமைதியாகக் கதையுங்கள். அடாப்டரை நீக்கி ஒழுங்காகக் கேபிள் போட்டுத் தரவும், சோதனைச் செலவைப் பொறுக்கவும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். தகவலுக்கு 1977 என்ற இலக்கம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்ற அல்லது சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு இரண்டரை மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது. ஆகவே கடையோடு கதைப்பதை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் இழுத்தடித்தால் அடுத்த வாரம் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். பற்றுச்சீட்டு, வொரண்டி அட்டை, பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்கள் மூன்றையும் இணையுங்கள். கழற்றிய அடாப்டரை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், கடையும் அதிகார சபையும் கேட்கும்.